0.00-னா டிரா இல்லை: இன்ஜினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உலக செஸ் போட்டி பார்ப்பது எப்படி

இந்த எபிசோடைக் கேட்க நீங்க செஸ் பிளேயரா இருக்கணும்னு அவசியம் இல்லை. யானை நேராப் போகும், பிஷப் குறுக்காப் போகும், குதிரை தாண்டும், ராஜா மாட்டிக்கிட்டா ஆட்டம் முடிஞ்சது. இவ்வளவு தெரிஞ்சா போதும். (பிஷப்பை மந்திரின்னு சொல்லி வளர்ந்தவன்தான் நானும். லைவ் கமெண்டரி கேட்டுக் கேட்டு பிஷப்னு பழகிடுச்சு, இன்னைக்கு அப்படியே விட்டுடுங்க.)

குகேஷ் ஜெயிச்ச பிறகு புதுசா செஸ் பார்க்க வந்தவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்ககிட்ட ஒண்ணு கவனிச்சேன். ஸ்ட்ரீமைத் திறந்ததும் கண்ணு போர்டுக்குப் போறதில்லை. பக்கத்துல வெள்ளையும் கறுப்புமா நிக்குற ஒரு பட்டைக்குத்தான் போகுது. பட்டை மேல ஏறினா ஒருத்தர் ஜீனியஸ், இறங்கினா அவரே முட்டாள். "இது கூடத் தெரியாதா? என் போன்லயே காட்டுதே!" அப்படின்னு சாட்ல ஆயிரம் பேர் எழுதுவாங்க. உலகத்துலயே அந்த ஆட்டத்தை நல்லாப் புரிஞ்ச ரெண்டு பேர் அந்த ரூமுக்குள்ள உட்கார்ந்திருக்காங்க, வெளிய இருக்குற நாம அவங்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். இது எனக்கு ஒரு மாதிரி இருக்கு. அதுக்காக இன்ஜினே வேண்டாம்னு சொல்ற ஆளும் நான் இல்லை. இன்ஜின் இல்லைன்னா எனக்கே பாதி ஆட்டம் புரியாது. அந்த நம்பர் என்ன சொல்லுது, எதைச் சொல்லலை, இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல, அது ஸ்கோர் இல்லை. கிரிக்கெட்ல 180க்கு 4னா அந்த 180 ஏற்கெனவே நடந்து முடிஞ்ச விஷயம். செஸ் பட்டையில் +1.2ன்னு வந்தா எதுவும் நடந்து முடியலை. ஐபிஎல் மேட்ச்ல ஓவருக்கு ஓவர் "வெற்றி வாய்ப்பு 63 சதவீதம்"னு போடுவாங்க இல்லையா, அதுதான் இதுக்கு நெருங்கிய சொந்தக்காரன். பிளஸ்னா வெள்ளைக்கு நல்லது, மைனஸ்னா கறுப்புக்கு நல்லது. அந்தக் காலத்துல இதை "எத்தனை சிப்பாய் அளவு முன்னிலை"ன்னு விளக்குவாங்க. +1னா ஒரு சிப்பாய் கூடுதலா இருக்குற மாதிரி. இப்போ அதுவும் சரியில்லை. இன்னைக்கு எல்லாரும் பயன்படுத்துற ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின்ல, 2022 கடைசியில வந்த 15.1 பதிப்புல இருந்து, +1.00ங்கிறதுக்கு வேற அர்த்தம் கொடுத்துட்டாங்க: இந்த நிலையில இருந்து இன்ஜின் தனக்குத்தானே ஆடினா வெள்ளை ஜெயிக்க ஏறக்குறைய 50 சதவீத வாய்ப்பு.

இந்த வாக்கியத்துல ஒரு சின்ன வார்த்தை இருக்கு, கவனிச்சீங்களா? "இன்ஜின் தனக்குத்தானே ஆடினா." மனுஷங்க ஆடினா இல்லை. தூங்காத, பயப்படாத, நாளைக்குப் பத்திரிகையில என்ன எழுதுவாங்கன்னு யோசிக்காத ஒண்ணு ரெண்டு பக்கமும் ஆடினா என்ன ஆகும்ங்கிறதுதான் அந்த நம்பர்.

அந்த நம்பர் எப்படி வருதுன்னும் சுருக்கமாப் பார்த்துடலாம். இன்ஜினுக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, தேடுறது: "நான் இதை ஆடினா அவர் இதை ஆடுவார், அதுக்கு நான் இதை..." அப்படின்னு மரக்கிளை மாதிரி விரிஞ்சுக்கிட்டே போகும். பிரயோஜனம் இல்லாத கிளைகளை வெட்டிட்டே போகும். ரெண்டாவது, கிளையின் நுனியில நின்னு "இந்த நிலை யாருக்கு நல்லது?"ன்னு மதிப்பிடுறது. 1997ல காஸ்பரோவை 3.5 – 2.5ன்னு தோற்கடிச்ச ஐபிஎம்மின் டீப் ப்ளூ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதோட பலம் முக்கியமா தேடுறதுல. மதிப்பிடுற விதிகளை மனுஷங்கதான் எழுதிக் கொடுத்தாங்க. 2017 கடைசியில டீப்மைண்டோட ஆல்ஃபாஸீரோ வந்து, தன்னோடயே ஆடி ஆடிக் கத்துக்கிட்டு ஸ்டாக்ஃபிஷ்ஷைத் தோற்கடிச்சதும் கதை மாறிடுச்சு. 2020ல ஸ்டாக்ஃபிஷ்ஷும் மதிப்பிடுற வேலைக்கு ஒரு சின்ன நியூரல் நெட்வொர்க்கை உள்ளே வெச்சுக்கிட்டது. அந்த யோசனை செஸ்ல இருந்து வரலை, ஜப்பானோட ஷோகி ஆட்டத்துக்கு எழுதின புரோகிராம்ல இருந்து வந்தது. இப்போ உங்க போன்ல இலவசமா ஓடுற இன்ஜின் உலக சாம்பியனைவிட எவ்வளவோ மேல. இதுல யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனா "இன்ஜின் சொல்லுது"ன்னு சொல்றப்போ, எந்த இன்ஜின், எவ்வளவு நேரம் யோசிச்சு சொல்லுதுன்னு கேட்கணும். ஸ்கிரீன்ல நம்பருக்குப் பக்கத்துல "டெப்த் 22", "டெப்த் 35"ன்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். அது எவ்வளவு ஆழம் போய்த் தேடியிருக்குங்கிற கணக்கு. டெப்த் 18ல +0.8னு இருக்குறது டெப்த் 40ல 0.00 ஆயிடலாம். மூவ் போட்ட ரெண்டாவது செகண்ட்ல பட்டை குதிச்சதும் "பிளண்டர்!"னு கத்துறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். அரை நிமிஷம் பொறுங்க, பல நேரம் பட்டையே திரும்பி வந்து நிக்கும்.

இதுக்கு என்னோட ஃபேவரிட் உதாரணம் 2018 நவம்பர், லண்டன். மேக்னஸ் கார்ல்சன் – ஃபாபியானோ கருவானா. அந்த மேட்ச்ல 12 கிளாசிக்கல் ஆட்டமும் டிரா. உலக சாம்பியன்ஷிப் வரலாற்றுல வேற எந்த மேட்ச்லயும் அப்படி நடந்ததில்லை. ஆறாவது ஆட்டத்துல கறுப்புல கருவானா. மெதுமெதுவா அழுத்தி, அவர்கிட்ட ஒரு பிஷப்பும் ஒரு குதிரையும், கார்ல்சன்கிட்ட ஒரு பிஷப்பும் சில சிப்பாய்களும்ங்கிற நிலைக்குக் கொண்டு வந்துட்டார். கார்ல்சன் கோட்டை கட்டி உட்கார்ந்துட்டார். சாதாரண கம்ப்யூட்டர்ல பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு "கறுப்புக்கு நல்லது, ஆனா டிரா ஆகிடும் போல"ன்னுதான் தெரிஞ்சது.

அதே நேரம் நார்வேல செஸ்ஸேன்னு ஒரு பெரிய கம்ப்யூட்டர், ஸ்டாக்ஃபிஷ்ஷை ஓட்டிக்கிட்டு, ஆட்டத்தை லைவா அலசிக்கிட்டு இருந்தது. 68வது மூவ்ல அது ஒண்ணு காட்டுச்சு: கறுப்பு பிஷப் ஹெச் 4க்குப் போகணும். அப்படிப் போனா 30க்கும் மேற்பட்ட மூவ்ல கட்டாயம் மேட். சரி, பிஷப்பை நகர்த்துறதுல என்ன அதிசயம்? அதிசயம் அதுக்கு அடுத்து வருது. கொஞ்சம் தள்ளி, கறுப்பு தன்னோட குதிரையை ஜி 1க்கு, எதிராளியோட கடைசி வரிசையில ஒரு மூலை ஓரத்துக்குக் கொண்டு போகணும். அங்க போன குதிரைக்கு வெளிய வர வழியே இல்லை. தானே போய் ஜெயில்ல உட்கார்ற மாதிரி. ஆனா அது அங்க உட்கார்ந்ததும் வெள்ளைக்கு மூவ் தீர்ந்து போகும். எதை நகர்த்தினாலும் கோட்டை உடையும். நகர்த்தாம இருக்க செஸ்ல அனுமதி இல்லை.

கருவானா அதை ஆடலை. குதிரையை வேற இடத்துக்குக் கொண்டு போனார். 80 மூவ்ல ஆட்டம் டிரா.

சாட்ல என்ன நடந்திருக்கும்னு சொல்லவே வேண்டாம். "வின் மிஸ் பண்ணிட்டார்!" ஆனா காஸ்பரோவ் அன்னைக்கு ட்விட்டர்ல வேற மாதிரி சொன்னார்: கருவானா அந்த பிஷப் மூவையும் குதிரை மூவையும் ஆடியிருந்தா, உடனே மெட்டல் டிடெக்டரைக் கொண்டு வாங்கன்னு கேட்டிருப்பாங்க. கிண்டல்தான். ஆனா அதுக்குள்ள இருக்குற பாயிண்டை யோசிங்க. மனுஷ மூளை அந்த மூவைத் தேடவே தேடாது. தன் குதிரையைத் தானே பொறியில வைக்கிற கிளையை முதல் செகண்ட்லயே வெட்டிடும். அப்படி வெட்டக் கத்துக்கிட்டதாலதான் அவர் கருவானா. அப்போ அது "மிஸ் பண்ணின வெற்றி"யா? பேப்பர்ல ஆமா. மனுஷங்க ஆடுற செஸ்ல அப்படி ஒரு வெற்றி அங்க இருந்ததாவே நான் நினைக்கலை. இது என் கருத்து. சண்டை போடணும்னா போடுங்க.

சரி, தலைப்புக்கு வர்றேன். 0.00.

இந்த நம்பரைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க "போர், டிரா"ன்னு டேபை மூடிட்டுப் போறாங்க. ஆனா 0.00ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, எதை ஆடினாலும் டிரா. போர்டுல ஒண்ணும் மிச்சம் இல்லை, கை குலுக்க வேண்டியதுதான். இன்னொண்ணு, கயித்து மேல நடக்குற 0.00. ஒரே ஒரு மூவ் இருக்கு. அதை ஆடினா டிரா, மத்த எதை ஆடினாலும் தோல்வி. அடுத்த மூவ்லயும் அதே கதை. பட்டை ரெண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும், நடுவுல ஆடாம அசையாம நிக்கும். ஆனா உள்ள உட்கார்ந்திருக்குறவருக்கு ஒண்ணு ஓய்வு நேரம், இன்னொண்ணு நரகம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. லிசெஸ்லயோ செஸ்.காம்லயோ அனாலிசிஸ் போர்டைத் திறந்தா, இன்ஜின் ஒரு வரி மட்டும் காட்டாம மூணு வரி, அஞ்சு வரி காட்டுற மாதிரி செட்டிங் இருக்கும். மூணு வெச்சுக்கோங்க. முதல் வரி 0.00, ரெண்டாவது வரி 0.00, மூணாவது வரி −0.1னா, ஆள் நிம்மதியா இருக்கார். முதல் வரி 0.00, ரெண்டாவது வரி −4.5னா, அவர் கயித்து மேல நிக்குறார். அப்போ அந்த முதல் வரி மூவைப் பாருங்க. அது நமக்கே தோணக்கூடிய மூவா, இல்ல பின்னாடி ஓடி ஒளியுற மாதிரி விசித்திரமான மூவா? விசித்திரமா இருந்தா, பட்டை எதைச் சொன்னாலும் அந்த ஆள் ஆபத்துல இருக்கார். நான் லைவ் பார்க்குறப்போ பட்டையை மறைச்சுட்டு இந்த மூணு வரியை மட்டும்தான் பார்ப்பேன், அதுவும் எப்போவாவது.

இப்போ 2024 டிசம்பர் 12. சிங்கப்பூர், சென்டோசா. கடைசி கிளாசிக்கல் ஆட்டம், 14வது. ஸ்கோர் 6.5 – 6.5. வெள்ளையில நடப்பு சாம்பியன் டிங் லிரென், கறுப்புல 18 வயசு குகேஷ். டிரா ஆனா மறுநாள் ரேபிட் டைபிரேக். வேகமான ஆட்டத்துல டிங் கைதான் ஓங்கும்னு பெரும்பாலானவங்க பேசிக்கிட்டாங்க. அதனால டிங் டிராவை நோக்கிப் போனார். காய்களை ஒவ்வொண்ணா மாத்தி, ரெண்டு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம்ங்கிற நிலைக்கு வந்துட்டார். எல்லாச் சிப்பாயும் ஒரே பக்கம். செஸ் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இது பரிச்சயமான டிரா. இன்ஜினும் அதையேதான் சொன்னது. இது கயிறு மேல நடக்குற 0.00 கூட இல்லை, முதல் ஜாதி. யானையைச் சும்மா அங்கயும் இங்கயும் நகர்த்திக்கிட்டு இருந்தாலே போதும்.

அப்போ குகேஷ் ஏன் கை குலுக்கலை? ஏன்னா அவருக்கு ரிஸ்க் இல்லை. ஒரு சிப்பாய் கூட இருக்கு, தோற்க வழியில்லை, எதிராளி களைச்சுப் போயிருக்கார். பட்டையில இது எதுவும் வராது. இன்ஜினுக்கு "யார் வசதியா உட்கார்ந்திருக்காங்க, யார் முடிஞ்சா சரின்னு இருக்காங்க"ன்னு பார்க்கத் தெரியாது. இதுக்கு முன்னாடி ஆறாவது ஆட்டத்துலயும் அப்படித்தான். கறுப்புல குகேஷ், இன்ஜின் கணக்குல கொஞ்சம் கீழ. அதே நிலையை மூணு தடவை கொண்டு வந்து டிரா எடுத்துக்கிட வாய்ப்பு இருந்தது. அவர் வேண்டாம்னு சொல்லி ராணியை வேற பக்கம் கொண்டு போனார். நிறைய பேர் திட்டினாங்க. அந்த ஆட்டம் கடைசியில டிராதான். ஆனா அவர் மேட்ச் முழுக்க ஒரே சேதியைச் சொல்லிக்கிட்டே இருந்தார்: உங்களை நான் சீக்கிரம் எழுந்து போக விட மாட்டேன். ரெண்டரை வாரம் இப்படி ஆடினா அது எதிராளி உடம்புல எங்கயோ சேரும்.

55வது மூவ். டிங் யானையை எஃப் 2க்குக் கொண்டு வந்தார். யானையை மாத்திக்கலாம்னு கூப்பிடுறார். பார்க்க நியாயமாத் தெரியுது. யானை ரெண்டும் போச்சுன்னா பிஷப்புக்கு பிஷப், ஒரு சிப்பாய் வித்தியாசம், டிரா. ஒரே ஒரு சிக்கல்: டிங்கோட பிஷப் ஏ 8ல, போர்டோட ஒரு மூலையில இருந்தது. மூலையில இருக்குற பிஷப்புக்கு ஒரே ஒரு பாதைதான். யானைகள் மாறினதும் குகேஷ் தன் பிஷப்பை அந்தப் பாதையில, டி 5ல கொண்டு வந்து நிறுத்தினார். அவ்வளவுதான். அந்தப் பிஷப் ஒதுங்க வேற இடமே இல்லை. பிஷப்புகளும் மாறியே ஆகணும். மாறினா மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த முடிவுல ஒரு சிப்பாய் அதிகம் இருக்குறவர் ஜெயிப்பார். இதை ஒரு கிளப் பிளேயரே பேப்பர்ல சொல்லிடுவார். 58 மூவ்ல ஆட்டம் முடிஞ்சது. 7.5 – 6.5. மிக இளைய உலக சாம்பியன்.

பிஷப் வேற எந்தக் கட்டத்துல இருந்திருந்தாலும் அநேகமா அந்த மூவ் சரியா இருந்திருக்கும். அதுதான் கொடுமை. யோசனை தப்பில்லை, அன்னைக்கு அந்தப் பிஷப் இருந்த இடம் தப்பு.

எனக்கு இதுல சுவாரசியம், குகேஷும் உடனே பார்க்கலை. ஆட்டம் முடிஞ்சு பேசினப்போ அவரே சொன்னார்: முதல்ல கவனிக்கலை, வேற ஒரு யானை மூவை ஆடப் போயிருந்தாராம், அப்புறம்தான் அந்தப் பிஷப் மாட்டிக்கும்னு தெரிஞ்சது. யோசிச்சுப் பாருங்க. சென்னையில ஆபீஸ்ல உட்கார்ந்து போனைப் பார்க்குற ஒருத்தருக்கு உலக சாம்பியன் யாருன்னு குகேஷுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அந்தச் சில நொடிகள் பட்டை பார்க்குறவங்களுக்கு மட்டுமே கிடைக்குற அனுபவம், அதை நான் மறுக்க மாட்டேன். தாங்க முடியாத சஸ்பென்ஸ் அது: "பாரு தம்பி, பாரு, பார்த்துடு!" பட்டை இல்லாம பார்த்திருந்தா அந்தத் தவிப்பே இருந்திருக்காது.

ஆனா அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சது இன்னொரு பேச்சு. "குழந்தைத்தனமான தப்பு", "இதெல்லாம் ஒரு உலக சாம்பியன் லெவலா?" ரெண்டு பேரையும் சேர்த்துக் கேவலப்படுத்தினாங்க. டிங் 2023ல பட்டம் ஜெயிச்ச பிறகு மன அழுத்தத்தோட போராடினதை வெளிப்படையாச் சொன்னவர். ரொம்ப நாள் சரியா ஆடலை. இந்த மேட்ச்ல அவர் நின்னு ஆட மாட்டார்னு எழுதினவங்க பல பேர். அந்த மனுஷன் முதல் ஆட்டத்தையே கறுப்புல ஜெயிச்சார். 11வது ஆட்டம் தோத்தார், மறுநாள் 12வதை அபாரமா ஆடி ஜெயிச்சார். 14வது ஆட்டத்துல 54 மூவ் வரைக்கும் தாக்குப் பிடிச்சார். அந்த 55வது மூவை மட்டும் கத்தரிச்சு எடுத்து 20 செகண்ட் ரீலா போட்டா, ஜெயிச்சவரோட வேலையும் அதுல காணாமப் போயிடுது. நாலு மணி நேரம் அழுத்தாம அந்த மூவ் வந்திருக்காது.

இதே மாதிரி ஒண்ணு நமக்கு எதிராவும் நடந்திருக்கு. 2014, சோச்சி. கார்ல்சன் – ஆனந்த் ரெண்டாவது மேட்ச், ஆறாவது ஆட்டம், ஸ்கோர் சமம். 26வது மூவ்ல கார்ல்சன் தன் ராஜாவை டி 2க்கு நகர்த்தினார். மோசமான தப்பு. ஆனந்த் குதிரையால ஒரு சிப்பாயை வெட்டியிருந்தா, அடுத்தடுத்து செக் கொடுத்து ரெண்டு சிப்பாய் கிடைச்சிருக்கும், ஆட்டமே திரும்பியிருக்கும். உலகம் முழுக்கப் பட்டை குதிச்சது. ஆனந்த் ஏறக்குறைய ஒரு நிமிஷத்துல தன் திட்டப்படி ஒரு ஓரச் சிப்பாயைத் தள்ளிட்டார். அப்புறம் கார்ல்சன் மேஜையில தலையைச் சாய்ச்சதை வீடியோல பார்க்கலாம். எதிர்பார்க்காத நேரத்துல பரிசு வந்தா சில சமயம் எடுத்துக்கவே தோணாதுன்னு ஆனந்த் பிறகு சொன்னார். அந்த ஆட்டம் கார்ல்சனுக்குப் போச்சு, மேட்சும் போச்சு.

நம்ம ஊர் புத்தகக் கடையில விக்கிற செஸ் புதிர் புத்தகத்துல "வெள்ளை ஆடி ஜெயிக்கணும்"னு போட்டிருக்கும். அந்த ஒரு வரியே பாதி விடை. ஏதோ ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுதான் தேடுறோம். நிஜ ஆட்டத்துல யாரும் தோளைத் தட்டி "இப்போ பாருங்க"ன்னு சொல்றதில்லை. பட்டை குதிக்கிறது அப்படித் தட்டுறதுதான். அதனாலதான் மேட்ச் நடக்குற இடத்துல போனுக்கும் வெளித் தொடர்புக்கும் இவ்வளவு கெடுபிடி. ஒரு டாப் பிளேயருக்கு மூவைக்கூடச் சொல்ல வேண்டாம், "இங்க ஏதோ இருக்கு"ன்னு ஒரு இருமல் போதும்.

பட்டையில வராத இன்னொரு விஷயம் கடிகாரம். சிங்கப்பூர்ல முதல் 40 மூவுக்கு ஆளுக்கு 120 நிமிஷம். மூவுக்கு 30 செகண்ட் கூடுதலாக் கிடைக்கிறது 41வது மூவ்ல இருந்துதான். அதாவது 35வது மூவ்ல ரெண்டு நிமிஷம் மட்டும் இருந்தா, மூச்சு விட இடமே இல்லை. மூணாவது ஆட்டத்துல டிங் 37வது மூவ்ல நேரம் தீர்ந்தே தோத்தார், அப்போ நிலையும் மோசமாத்தான் இருந்தது. +0.4ல 50 நிமிஷம் இருக்குற ஆளும் +0.4ல 4 நிமிஷம் இருக்குற ஆளும் ஒண்ணில்லை. நான் பார்க்குறப்போ கண்ணு முதல்ல போறது கடிகாரத்துக்கு, அப்புறம் போர்டு, அப்புறம்தான் மத்தது.

ஓப்பனிங்ல இன்னொரு குழப்பம் வரும். முதல் பத்து, பதினஞ்சு மூவ் ரெண்டு பேரும் பட்பட்னு ஆடுவாங்க. திடீர்னு ஒருத்தர் இன்ஜினோட நாலாவது சாய்ஸை ஆடுவார், பட்டை லேசா இறங்கும். "தப்பு பண்ணிட்டாரே"ன்னு நினைக்காதீங்க. வீட்ல அவரோட டீம் இதைவிடப் பெரிய மெஷின்ல மாசக்கணக்கா அலசியிருப்பாங்க. கொஞ்சம் கீழான மூவ்தான்னு தெரிஞ்சே ஆடுறார். எதிராளி மனப்பாடம் பண்ணின பாதையில இருந்து அவரை வெளிய இழுத்து, உட்கார வெச்சு, யோசிக்க விட்டு, நேரத்தைத் தின்ன வைக்க. அடுத்த மூவுக்கு எதிராளி அரை மணி நேரம் எடுத்தார்னா, பட்டையில இழந்ததைக் கடிகாரத்துல வாங்கிட்டார்னு அர்த்தம்.

இதெல்லாம் கேட்டுட்டு "அப்போ அந்த நம்பரை எப்போதான் நம்புறது?"ன்னு கேட்பீங்க. ஒரு இடம் இருக்கு. போர்டுல மொத்தம் ஏழு காய்க்கு மேல இல்லைன்னா, ராஜாக்களையும் சேர்த்து, அங்க கணிப்பே கிடையாது. ஏழு காய் வரைக்கும் உள்ள நிலைகளுக்கு முடிவு என்னன்னு கணக்குப் போட்டு வெச்சுட்டாங்க. டேபிள்பேஸ்னு பேர். அது மதிப்பீடு இல்லை, விடை. 2021ல துபாய்ல கார்ல்சன் – நெப்போம்னியாச்சி ஆறாவது ஆட்டம் 136 மூவ் போச்சு, ஏழே முக்கால் மணி நேரம், உலக சாம்பியன்ஷிப் ஆட்டங்கள்லயே மிக நீளமானது. கடைசியில கார்ல்சன்கிட்ட யானை, குதிரை, ரெண்டு சிப்பாய். நெப்போகிட்ட ராணி மட்டும். ராஜா ரெண்டையும் சேர்த்தா சரியா ஏழு. டேபிள்பேஸ் டிரான்னு சொல்லிக்கிட்டே இருந்தது. 130வது மூவ்ல நெப்போ ராணியை ஒரு தப்பான கட்டத்துல வெச்சார், விடை மாறிடுச்சு. அங்க "தப்பு"ங்கிற வார்த்தைக்கு முழு அர்த்தம் உண்டு. ஆனா அதைச் செஞ்ச மனுஷன் ஏழு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்திருந்தவர்ங்கிறதும் அதே அளவு உண்மை.

சரி, வீட்டுல பண்ணிப் பார்க்க ஒண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். அடுத்த பெரிய மேட்ச் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். லிசெஸ்ல சிங்கப்பூர் மேட்சோட 14 ஆட்டமும் இருக்கு. 11வது ஆட்டத்தை எடுங்க, குகேஷ் ஜெயிச்சது, 29 மூவ்தான். இன்ஜினை அணைச்சுடுங்க. ஒவ்வொரு மூவுக்கும் முன்னாடி, "நான் இருந்தா என்ன ஆடுவேன்?"னு ஒரு நிமிஷம் யோசிச்சு ஒரு பேப்பர்ல எழுதுங்க. யார் கை ஓங்கியிருக்குன்னும் உங்க மனசுக்குத் தோணுற நம்பரை எழுதுங்க, பிளஸ்ஸோ மைனஸ்ஸோ. 28வது மூவுக்கு டிங் ராணியைப் பின்னாடி கொண்டு போற இடம் வந்ததும் நிறுத்துங்க. குகேஷோட அடுத்த மூவைக் கண்டுபிடிக்கப் பாருங்க. கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் அதுக்கப்புறம் இன்ஜினைப் போட்டு, உங்க பேப்பரையும் அதோட நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எந்த மூவ்ல ரெண்டும் ரொம்பத் தள்ளிப் போகுதோ, அந்த இடத்துல நின்னு மூணு வரியைத் திறந்து, ஏன்னு தேடுங்க.

அந்தப் பேப்பரைப் படம் எடுத்து அனுப்பினீங்கன்னா, சுவாரசியமானதை எடுத்து அடுத்த எபிசோட்ல பேசுவோம். வர்றேன்.